எட்டாத மேடையும் ஒருதலைக் காதலும்

அகத்திணையை ஏழாக வகுத்த தொல்காப்பியர், ஒத்த அன்புடையார் இருவரின் ஒழுக்கத்தை நடுவில் வைத்து, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை முன்னும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையைப் பின்னும் நிறுத்தினார். மறுமொழி பெறாத நிலையிலும் பேசிப் பேசி இன்புறுபவனே கைக்கிளைத் தலைவன். தெளிவை இழந்து மிகுந்துபோன காமம் பெருந்திணையின்பாற்படும். ஜப்பானிய அனிமே எனப்படும் இயங்கு சித்திரங்களில் புகழ்பெற்ற பாடகிக்கும் அவளைப் போற்றும் இரசிகனுக்கும் இடையே தோன்றும் காதலை ஆராய்வோர்க்கு இப்பழைய வகுப்பு வியக்கத்தக்க அளவில் துணைசெய்கின்றது. அக்காதல் கைக்கிளையாகவே பிறக்கின்றது. அது எத்திசையில் நகர்கின்றது என்பதில்தான் ஒவ்வொரு படைப்பின் தரமும் அடங்கியிருக்கின்றது.

தொழிலாகிவிட்ட கைக்கிளை

ஜப்பானில் 'ஐடல்' எனப்படும் இளம் பாடகியர் மரபு 1970களில் தொலைக்காட்சியின் வழி வேரூன்றியது. குரல் வளத்தைக் காட்டிலும் இளமையும் எளிமையும் நம் வீட்டுப் பெண் என்ற உணர்வுமே அவர்களின் மூலதனமாயின. 2005இல் தோக்கியோவின் அகிஹபாராவில் ஏகேபி48 குழு தோன்றியபோது இம்மரபு புதிய வடிவம் பெற்றது. தொலைவில் நின்று காணும் தாரகை, நேரில் சந்திக்கக்கூடிய தாரகையானாள். இசைத்தட்டு வாங்கியவன் அதனுள் வைக்கப்பட்டிருந்த சீட்டைக் காட்டி, அவள் கையைச் சில விநாடி பற்றிக் குலுக்கலாம். கூடுதல் விநாடி வேண்டுமாயின் கூடுதல் தட்டு வாங்கவேண்டும்.

இத்தொழிலில் பாடகி எவரையும் காதலிக்கலாகாது என்ற கட்டுப்பாடும் பரவலாக விதிக்கப்பட்டது. ஆயிரம் பேரின் ஒருதலைக் காதலை விற்கவேண்டுமாயின், அவள் காதல் எவனுக்கும் உரியதாகிவிடக் கூடாதன்றோ! இத்தடையை மீறிய பாடகி நட்ட ஈடு செலுத்தவேண்டுமெனத் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அதே நீதிமன்றம், இரசிகர் ஒருவரைக் காதலித்த பாடகியின் வழக்கில், காதல் என்பது மனிதர் தம் மகிழ்ச்சியை நாடும் உரிமையைச் சார்ந்தது எனக் கூறி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. சட்டமே இருவேறு விடை கூறிய இக்கேள்விக்குக் கலைஞர்கள் கூறிய விடைகள் யாவை?

முகமூடி தந்த எளிய விடை

1983 ஜூலை தொடங்கி ஓராண்டுக்காலம் 52 பகுதிகளாக ஒளிபரப்பான 'கிரீமி மாமி', சிறுவர்க்கான மாயக் கதை. பத்து வயதுச் சிறுமி யூ, மந்திரக்கோலின் துணையால் பருவப் பெண்ணாக உருமாறி, மாமி என்ற பெயரில் புகழ்பெற்ற பாடகியாகின்றாள். யூவின் உள்ளம் நாடுவது இளமைத் தோழனாகிய தோஷியோவை. அவனோ மாமியின் தீவிர இரசிகன். தன்னையே தனக்குப் போட்டியாக நிறுத்திக்கொண்ட பெண்ணின் துயரம் இதில் நகைச்சுவையோடு சொல்லப்படுகின்றது.

இத்தொடரின் நயம், இரசிகன் தேடுவதும் அவன் அருகில் இருப்பதும் ஒன்றே என்று காட்டுவதில் உள்ளது. ஓராண்டு முடிந்து மந்திரம் கைவிட்டுப்போக, மாமி மறைகின்றாள், யூ எஞ்சுகின்றாள். தாரகை மறைந்தால்தான் காதல் பிறக்கும் என்பதே தொடரின் முடிவு. அழகிய முடிவுதான். ஆயினும் இதில் ஒரு நழுவலும் உண்டு. மேடையில் நின்றவள் வெறும் முகமூடி என்றாகிவிட்டபடியால், உண்மையாகவே மேடையில் வாழும் பெண்ணொருத்தி காதலுக்கு என்ன செய்வாள் என்ற கேள்வி எழவேயில்லை. யூவுக்கும் மாமிக்கும் குரல் கொடுத்தவர் ஓத்தா தக்காக்கோ என்னும் மெய்யான இளம் பாடகி. கதையில் முகமூடி கழன்றுவிட்டது. கதைக்கு வெளியே தொழில் தொடர்ந்தது.

உள்ளங்கையில் நிற்கும் பெண்

கோன் சத்தோஷி 1997இல் இயக்கிய 'பெர்பெக்ட் புளூ' அக்கேள்வியை நேரே எதிர்கொண்டது. பாடகியர் குழுவிலிருந்து விலகி நடிகையாக விரும்பும் மீமா என்பாளை, அவளுடைய இரசிகன் ஒருவன் மன்னிக்க மறுக்கின்றான். படத்தின் தொடக்கத்திலேயே அவன் கூட்டத்தில் நின்று தன் உள்ளங்கையை நீட்டிப் பார்க்கின்றான். மேடையில் ஆடும் மீமா அவன் கைமேல் நின்று ஆடுவதுபோல் தோன்றுகின்றாள். பக்கம் பக்கமாக எழுதவேண்டியதை ஒரே காட்சியில் வரைந்து காட்டிய திறம் போற்றத்தக்கது. அவன் நேசிப்பது மீமாவை அன்று; தன் கையளவுக்குச் சுருக்கிக்கொண்ட ஒரு பொம்மையையே. பொம்மை அசைந்தபோது, அசைந்தவளைப் போலி என்றும் தன் கற்பனையில் வாழ்பவளையே மெய் என்றும் நம்புகின்றான். கைக்கிளை பெருந்திணையாக மாறும் கணம் இதுவே.

கோன் குற்றத்தை இரசிகன் தலையில் மட்டும் சுமத்தவில்லை. அவனைத் தூண்டிவிடுபவள், ஒருகாலத்தில் தானும் பாடகியாக இருந்து மீமாவின் நிருவாகியாகிவிட்டவள். தொழிலே தன் பொம்மையைக் காக்கக் கத்தியெடுக்கின்றது என்பது குறிப்பு. இது வெறுங் கற்பனையன்று என்பதை 2014இல் கைகுலுக்கல் நிகழ்ச்சியிலும், 2016இல் தோக்கியோவில் இளம் பாடகி ஒருவர்மீதும் நடந்த தாக்குதல்கள் மெய்ப்பித்தன.

2023இல் அனிமேயாக வெளிவந்த 'ஓஷி நோ கோ'வின் முதற்பகுதியும் இத்தடத்திலேயே நடக்கின்றது. இரகசியமாகத் தாயான பாடகி ஆய், தன் இரசிகனாலேயே வீட்டு வாயிலில் குத்தப்படுகின்றாள். ஆனால் இங்கு ஒரு புதுமை உண்டு. பிறர் பெயரை நினைவில் வைக்கத் தெரியாதவளான ஆய், உயிர் பிரியும் நேரத்தில் அவன் பெயரைச் சொல்கின்றாள்; அவன் தந்த விண்மீன் மணல் குப்பியைத் தான் பேணி வைத்திருப்பதையும் சொல்கின்றாள். மறுமொழியே கிட்டாது என நம்பியவனுக்கு மறுமொழி கிட்டிவிட்டது. அதைக் கேட்கும் தகுதியைத்தான் அவன் இழந்துவிட்டான். இதனினும் கொடிய தண்டனை வேறில்லை.

விநாடிக்கு விலை

இவற்றினும் அமைதியானதும், ஒருவகையில் ஆழமானதும், ஹிராவோ அவுரியின் சித்திரக்கதையைத் தழுவி 2020இல் 12 பகுதிகளாக வந்த தொடராகும். தன் பாடகி புடோக்கான் மேடை ஏறிவிட்டால் செத்தாலும் சரி என்ற பொருள்படும் நீண்ட தலைப்பை உடையது அது. ஒக்காயாமா என்னும் வட்டார நகரில் ஏழு பெண்களைக் கொண்ட சிறு குழு. அதில் யாரும் பொருட்படுத்தாத மைனா. அவளுக்காகவே வாழும் எரிப்பியோ. இரசிகையும் பெண்ணே. ரொட்டி ஆலையில் உழைத்து ஈட்டுவதையெல்லாம் மைனாவின் தட்டுகளுக்கே கொட்டிவிட்டு, மாற்றுடையின்றிப் பழைய பள்ளி விளையாட்டு உடையில் வந்து வரிசையில் நிற்கின்றாள்.

இங்கே கைக்கிளை என்பது தோற்றம் மட்டுமே. மைனாவும் எரிப்பியோவை நேசிக்கின்றாள். ஆனால் நாணத்தால் அவளுக்குச் சொல் எழுவதில்லை. எழத் தொடங்கும்போது விலைக்கு வாங்கிய விநாடி முடிந்துவிடுகின்றது. தன்னை வெறுக்கின்றாள் போலும் என்று எண்ணியவாறே எரிப்பியோ நகர்கின்றாள். ஒத்த அன்பு இருந்தும் ஒருதலைக் காமத்தின் வடிவிலேயே வாழ நேர்ந்த இருவர் இவர்கள். அவர்களைப் பிரிப்பது ஊர் அலரோ, பொருள்வயிற் பிரிவோ அன்று. கட்டணம் செலுத்தி நிற்கவேண்டிய வரிசை. புதிய காலம் படைத்த புதிய பிரிவு இது.

குறையும் உண்டு. நகைச்சுவைக்கு நேர்ந்துகொண்ட இத்தொடர், ஓர் உழைப்பாளிப் பெண்ணின் கூலி முழுவதையும் விழுங்கும் வாணிகத்தை எங்கும் சினந்து நோக்கவில்லை. எரிப்பியோவின் வறுமை சிரிப்பாக மட்டுமே வந்துபோகின்றது. எனினும், இரசிகை தன் தலைவியின் வளர்ச்சியை விரும்புகின்றாள். கூட்டம் பெருகினால் தனக்குரிய நெருக்கம் குறையும் என அறிந்தும் விரும்புகின்றாள். உள்ளங்கையில் ஏந்த முயன்றவனுக்கும், தோளில் ஏற்றி அனுப்ப முயலும் இவளுக்கும் உள்ள தொலைவே அன்புக்கும் உடைமைக்கும் உள்ள தொலைவு.

மேடையில் நிற்பவளுக்கும் ஒரு நெஞ்சுண்டு. அது மறுக்கவும் கூடும், மாறவும் கூடும், யாரோ ஒருவனை நாடவும் கூடும். இவ்வுண்மையை ஏற்கும் அளவிலேயே இரசிகன் காதலன் என்னும் பெயருக்குத் தகுதியடைகின்றான். முகமூடியைக் களைந்து இவ்வுண்மையைத் தவிர்த்த கதை இனிக்கின்றது. இதனை மறுத்தவனைக் காட்டிய கதைகள் நடுக்குகின்றன. இதனை ஏற்றுக்கொண்டு வரிசையில் நிற்பவளைக் காட்டிய கதையோ நெஞ்சில் நிற்கின்றது.