கல், சுருள், ஸ்கேனர்: எந்தப் படியை நம்புவது?

கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்பவர்கள் முதலில் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். அடுத்த முறை செல்லும்போது, வாசகர்களே, சற்றுக் கண்ணைத் தாழ்த்திச் சுவரையும் பாருங்கள். வீரராஜேந்திர சோழன் காலத்து (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. அது புராணமும் அன்று, பாட்டும் அன்று. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களையும் அவற்றின் வருவாயையும் குறிக்கும் அலுவலக ஆவணம். சோழர் ஆட்சியில் அரசனின் வாய்மொழி ஆணையைத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி ஓலையில் எழுதுவார். புரவுவரித் திணைக்களத்தார் அதை வரிப்பொத்தகத்தில் பதிவார்கள். பிறகே அது கல்லில் ஏறும். அந்த ஓலைகள் போய்விட்டன, பொத்தகங்களும் போய்விட்டன. எஞ்சியிருப்பது கல்லில் எடுத்த படிதான்.

இன்று அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதும், காகிதக் கட்டுகளை அப்புறப்படுத்திவிடலாம்.” இந்தக் கருத்து எவ்வளவு தூரம் சரியானது? மைக்ரோபிலிம் எனப்படும் நுண்படச் சுருளையும் ஸ்கேனரையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்ப்போம். படி தெளிவாக இருக்கிறதா? உண்மையாக இருக்கிறதா? நிலைத்து நிற்குமா?

முதலில் தெளிவு. நுண்படம் புதிய கலை அன்று. லிவர்பூல் நகரில் ஜான் டான்சர் என்பவர் 1839ஆம் ஆண்டிலேயே ஆவணத்தை 160 மடங்கு சுருக்கிப் படம் எடுத்தார். 1870–71இல் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, புறாக்கள் நுண்படமாக்கப்பட்ட கடிதங்களைச் சுமந்து வந்தன. அலுவலகங்களில் வழக்கமாக 24 மடங்கு சுருக்குவார்கள். 16 மி.மீ. அகலமும் 30 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சுருளில் 2,000 பக்கங்களுக்கு மேல் அடங்கும். நல்ல படச்சுருள் ஒரு மில்லிமீட்டரில் 120 கோட்டு இணைகளைப் பிரித்துக் காட்டும் என்று கொள்வோம். 24 மடங்கு சுருக்கியிருப்பதால், மூலப் பக்கத்தில் அது மில்லிமீட்டருக்கு 5 இணைகள் ஆகும். ஓர் இணைக்குக் கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று எனக் குறைந்தது 2 புள்ளிகள் வேண்டும். ஆகவே மில்லிமீட்டருக்கு 10 புள்ளிகள். அதாவது அங்குலத்திற்கு 254. சாதாரண ஸ்கேனர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் எடுக்கிறது. தெளிவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆனால் கறுப்பு வெள்ளைச் சுருளில், அதிகாரி பச்சை மையில் இட்ட கையொப்பமும் கறுப்பாகிவிடும். இந்த வகையில் ஸ்கேனருக்கே வெற்றி.

இரண்டாவது, உண்மை. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடம் ஸ்கேன் செய்யப்பட்டதை ஆராய்ந்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். படியிலோ மூன்றும் 14.13! படியெடுப்பதற்கே நாம் பெயராக வைத்துக்கொண்ட ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் செய்த வேலை இது. காரணம் லென்ஸ் அன்று. கோப்பைச் சுருக்கும் கணித முறை. இடத்தை மிச்சப்படுத்த, அந்த முறை ஒரே மாதிரி தோன்றும் வடிவங்களில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். 6 இருந்த இடத்தில் 8 வந்து அமர்ந்துவிடும். பிறகு நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது.

மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நுண்படம் கெட்டால் எழுத்து மங்கும். “இது ஐயத்திற்குரியது” என்று கண்ணே சொல்லிவிடும். இவ்வகைச் சுருக்கத்தில் கெட்ட படியோ, தவறான எண்ணைப் பளிச்சென்று அச்சடித்தாற்போல் காட்டும். உடையார்பாளையம் வட்டத்து உழவர் ஒருவரின் சர்வே எண்ணில் 6 என்பது 8 ஆனால், அவர் நிலம் ஏட்டில் வேறொருவர் நிலமாகிவிடும். மூலக் காகிதத்தையும் எரித்துவிட்டால் அவர் எதைக் காட்டி வழக்காடுவார்?

மூன்றாவது, ஆயுள். பாலியெஸ்டர் தளத்தில் அமைந்த வெள்ளி நுண்படத்தை, முறையாகக் கழுவி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால் 500 ஆண்டுகள் இருக்கும் என்பது ஆய்வுக்கூட மதிப்பீடு. பழைய அசிட்டேட் சுருள்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அவை சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். பெட்டியைத் திறந்தால் காடி நெடி அடிக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும்.

கணினிக் கோப்பின் குறை வேறு வகையானது. இங்கிலாந்தின் நில ஆவணமான டூம்ஸ்டே புத்தகம் 1086இல் எழுதப்பட்டது. நம் வீரராஜேந்திரன் கல்வெட்டுக்கு ஏறக்குறைய சமகாலம். அதன் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986இல் பி.பி.சி. புதிய டூம்ஸ்டே ஒன்றை லேசர் வட்டுகளில் தயாரித்தது. 2002 வாக்கில் அதைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டதால், அறிஞர்கள் தனித் திட்டம் வகுத்து அதை மீட்க வேண்டியதாயிற்று. 1086இன் தோல் ஏடுகளை இன்றும் வெறுங் கண்ணால் படிக்கலாம். நுண்படத்திற்கு வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். கணினிக் கோப்புக்கோ வட்டு, கருவி, மென்பொருள், மின்சாரம் என எல்லாம் ஒருசேர வேண்டும்.

அப்படியானால் ஸ்கேனர் வேண்டாமா? வேண்டும். தேடுவதற்கும், தொலைவில் இருப்பவருக்கு அனுப்புவதற்கும், தேய்மானம் இல்லாமல் பல படிகள் எடுப்பதற்கும் அதற்கு நிகர் இல்லை. சுருளில் ஒரு பக்கத்தைத் தேடியவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நொறுங்கும் நிலையிலிருந்த தமிழ் நூல்களை நுண்படமாக்கியது. பின்னர் இலக்கமுறையிலும் படியெடுத்தது. ஒன்று வந்ததும் மற்றதைத் தூக்கி எறியாத இந்த வழியே அறிவுடைய வழி.

ஆகவே நம் முடிவு இது: அன்றாடப் பயனுக்கு ஸ்கேன் கோப்பு. நிலையாகக் காக்க நுண்படம். அல்லது எழுத்துருவை மாற்றும் சுருக்கம் இல்லாமல் வெவ்வேறு ஊர்களில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்த்துப் புதிய வட்டுக்கு மாற்றப்படும் கோப்புகள். உரிமையைக் காட்டும் மூலமோ எந்நிலையிலும் அழிக்கப்படக் கூடாது.

கல்லே ஆனாலும் ஒரே படியை நம்பக் கூடாது என்பதற்கும் கங்கைகொண்ட சோழபுரமே சான்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இக்கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல்வெட்டுகளை மைப்படி எடுக்கும் பணியை அரசு முறையாகத் தொடங்கியது 1880களில்தான். நடுவே கழிந்தது அரை நூற்றாண்டு. இன்று ஒரு கட்டுக் காகிதத்தை எரிக்கக் கையெழுத்திடுபவர், அணைக்கரை வழியாக ஒருமுறை போய்வருவது நல்லது.