ஓவியத்தின் முன் கலங்கும் உள்ளம்

தாரியோ அர்ஜென்தோ இயக்கிய ‘ஸ்டெந்தால் சிண்ட்ரோம்’ 1996இல் வெளிவந்த இத்தாலியத் திகிற்படம். பிளாரன்ஸ் நகரின் உஃபிசி கலைக்கூடத்தில் ஓவியங்களின் முன் மயங்கி விழும் பெண் காவலர், வன்கொடுமைக்குள்ளாகி, இறுதியில் தாமே கொலையாளியாகிறார். அவருக்குச் சுகம் கிடைப்பதில்லை.

நம்மவர் நன்கறிந்த ‘சந்திரமுகி’ (2005) இதற்கு மிக நெருங்கியது. மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) அதன் மூலம். பூட்டிய அறையில் நடனமாதின் ஓவியத்தைக் கண்டு, அவள் கதையில் ஆழ்ந்த கங்கா அவளாகவே மாறுகிறாள். மற்றவர்கள் பேய் என்று அஞ்ச, மருத்துவர் மனநோய் என்கிறார். இத்தெளிவு பாராட்டத்தக்கது. ஆயினும் ஓர் உருவப்பொம்மையை எரித்ததும் நோய் முற்றும் அகலுவதாகக் காட்டுவது பெருங்குறை.

தாவீதின் சுரமண்டலம் சவுலுக்கு ஆறுதலளித்தது (1 சாமு. 16:23), வேறொரு நாள் அவ்விசை ஒலிக்கையிலேயே சவுல் ஈட்டியை எறிந்தான் (18:10,11). கலை ஒன்றே, உள்ளத்தின் நிலை வேறு.

கே.கே. நகரில் நம் வாலிபர் கூட்டத்தில் ‘சந்திரமுகி’யைப் பற்றிப் பேசியபோது ஒருவர் கேட்டார்: “இத்தகைய பெண்ணை நம் ஆலயத்திற்கு அழைத்து வந்தால் என்ன செய்வோம்?” உடனே பேயோட்டியிருப்போம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டோம். ஜெபத்தை விடவேண்டுவதில்லை. ஆனால் முதலில் அவள் பேசுவதைப் பொறுமையுடன் கேட்போமாக. மருத்துவரிடம் நாமே அழைத்துச் செல்வோமாக. அதன்பின்னும் அவள் வீட்டுக்குச் சென்றுவருவோமாக. ஆயர்பணி ஓரிரவில் முடிவதன்று.