பிழையின் குரல்: ‘பொது ஆங்கில’ வகுப்பறையும் ஒரு நாவலும்

மொழி கற்றல் என்பது சொற்களையும் இலக்கண விதிகளையும் மனத்திலிருத்தும் செயல் மாத்திரமன்று; கற்பவரைக் குறிப்பிட்டதொரு சமூக உறவுக்குள் நிறுத்தும் செயலுமாகும். இவ்வுண்மை துலக்கமாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று, பிறநாட்டு மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் இலண்டன் மொழிக் கல்லூரி. அங்கு விற்கப்படும் பாடநெறிகளுள் முதன்மையானது ‘பொது ஆங்கிலம்’. வணிக ஆங்கிலம், பல்கலைக்கழகப் படிப்புக்கான ஆங்கிலம் முதலிய சிறப்புப் பிரிவுகளினின்று வேறுபடுத்தவே இப்பெயர் வழங்குகின்றது. ஆயின், எவருக்குப் பொதுவான ஆங்கிலம் இது? எவருடைய வாழ்க்கை இங்கு பொதுமையாக்கப்படுகின்றது? சீனாவிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய ஷியாவோலு குவோ 2007 இல் வெளியிட்ட ‘காதலர்க்கான சுருக்கச் சீன-ஆங்கில அகராதி’ என்னும் ஆங்கில நாவல் இவ்வினாக்களை எழுப்புகின்றது. அவற்றுக்கு அது எவ்வளவு தூரம் விடை காண்கின்றது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

ஆங்கிலம் கற்கும் அந்நியர் ஆங்கில இலக்கியத்துக்கும் வெகுசனக் கலைகளுக்கும் புதியவரல்லர். லியோ றொஸ்ரன் புனைபெயரில் எழுதி 1937 இல் நூலுருப்பெற்ற ஹைமன் கப்லான் கதைகள், நியூயோர்க் இரவுப் பள்ளியொன்றிற் பயிலும் குடியேறிகளைச் சித்திரித்தன. 1977 இல் இலண்டன் தொலைக்காட்சியில் ஆரம்பித்த ‘மைன்ட் யுவர் லாங்குவேஜ்’ என்னும் நகைச்சுவைத் தொடரும் இத்தகைய வகுப்பறையையே களமாகக் கொண்டது. இரண்டினுக்குமிடையே தரவேறுபாடு உண்டு. கப்லானிடத்து ஆசிரியரையே திகைக்கவைக்கும் தர்க்கமும் தன்மானமும் காணப்படுகின்றன. தொலைக்காட்சித் தொடரிலோ இந்தியரும் பாகிஸ்தானியரும் சீனரும் யப்பானியரும் தத்தம் இனத்தின் கேலிச்சித்திரங்களாகச் சுருங்கிவிடுகின்றனர். எனினும், இரண்டிலும் நோக்குநிலை ஒன்றே. சிரிப்பு ஆசிரியரின் மேசைப்பக்கத்திலிருந்து பிறக்கின்றது. கற்பவரின் பிழை ஈண்டு பார்க்கப்படும் பொருளேயன்றிப் பார்க்கும் கண்ணன்று.

குவோ செய்த முதற் காரியம் இந்நோக்குநிலையைத் தலைகீழாக்கியமையாகும். தென்சீனச் சிற்றூரொன்றிற் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்தும் பெற்றோர், தம் மகளை ஓராண்டு ஆங்கிலம் கற்க இலண்டனுக்கு அனுப்புகின்றனர். அவளுடைய பெயர் பிறர் நாவுக்கு வராதமையால் அவள் ‘இசட்’ என்னும் ஒற்றையெழுத்தாகின்றாள். கதை முழுவதையும் அவளே சொல்கின்றாள். தான் அறிந்த குறை ஆங்கிலத்திலேயே சொல்கின்றாள். ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் அகராதிச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு விரிகின்றது. விமான நிலையத்தில் அவள் எதிர்கொள்ளும் ‘அந்நியர்’ என்னும் அறிவிப்புச் சொல் முதற்பாடமாகின்றது. மாதங்கள் செல்லச் செல்ல வாக்கியங்கள் திருந்துகின்றன. பிழை இங்கு நகைப்புக்குரிய அணியன்று. கதையின் காலத்தை அளக்கும் கருவியாகும்.

பிழைகளினூடாக வெளிப்படும் சிந்தனையும் கவனத்திற்குரியது. சீன வாக்கியம் காலத்தையும் இடத்தையும் முன்வைத்து மனிதரைப் பின்வைப்பதையும், ஆங்கில வாக்கியம் ‘நான்’ என்பதையே தலையில் நிறுத்துவதையும் இசட் ஒப்பிடுகின்றாள். இது இலக்கணக் குறிப்பு மாத்திரமன்று. தனிமனிதனை உலகின் மையமாகக் கருதும் சமூகத்தின் மொழியை அவள் வெளியிலிருந்து நோக்குகின்றாள். தமிழ் வாசகர் இதனை எளிதில் உணர்வர். ‘வந்தேன்’ என்ற வினைமுற்றிலேயே தன்மை அடங்கிவிடும் மொழியிலிருந்து செல்பவருக்கும், வாக்கியந்தோறும் ‘நான்’ என்று தொடங்கவேண்டிய கட்டாயம் முதலிற் சிறிது கூச்சத்தையே தரும். எனினும், மொழியமைப்பிலிருந்து நேரடியாகப் பண்பாட்டை வருவித்துவிடும் இப்போக்கினை எல்லையோடு கொள்ளவேண்டும். தனிமனிதவாதத்தைப் பிறப்பித்தது எழுவாயன்று. சந்தையும் சொத்துறவுமே அதனை வளர்த்தன.

நாவலின் உச்சம் எனத்தக்க பகுதி வேறொன்று. ஆங்கிலம் பேசிப் பேசிச் சலித்த இசட் ஓரிடத்திற் சீனமொழியிலேயே எழுதிவிடுகின்றாள். அதனையடுத்துப் ‘பதிப்பாசிரியர் மொழிபெயர்ப்பு’ என்ற பெயரிற் செம்மையான ஆங்கிலப் பகுதியொன்று வருகின்றது. அதுவரை தட்டுத்தடுமாறிய பேதையாக அவளை எண்ணிய வாசகர், தன் மொழியில் அவள் சரளமும் கூர்மையும் வாய்ந்தவள் என்பதை அங்குதான் காண்கின்றார். குறைபட்டது அவளது மொழியறிவேயன்றி அறிவன்று. மொழிக் கல்லூரிகள் மாணவரைத் தரம்பிரித்துத் ‘தொடக்கநிலை’ என முத்திரையிடும்போது மறந்துவிடும் பேருண்மை இதுவாகும்.

வகுப்பறைப் பாடநூலோடு இந்நாவலை ஒப்பிடின் அதன் எதிர்ப்புணர்வு மேலும் புலப்படும். 1978 இல் வெளிவரத் தொடங்கிய ‘ஸ்ட்ரீம்லைன்’, 1986 இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹெட்வே’ ஆகிய ஒக்ஸ்போர்ட் வெளியீடுகள் உலகச் சந்தை முழுவதற்குமாக ஆக்கப்பட்டவை. இவ்வகை நூல்களை ஆராய்ந்த ஜோன் கிரே 2010 இல் வெளியிட்ட நூலில், தனிமனித வெற்றி, தடையற்ற பயணம், நுகர்வு ஆகியவற்றோடு ஆங்கிலம் பிணைக்கப்படுவதை எடுத்துக்காட்டினார். அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், ‘இசங்கள்’, பன்றியிறைச்சி ஆகியவற்றைத் தவிர்ப்பது இத்தகைய நூல்களின் பதிப்புலக வழக்கம். எச்சந்தையிலும் எவரையும் புண்படுத்தாத பண்டமே எங்கும் விற்பனையாகும் என்பதே இதன் தர்க்கம். ‘பொது’ என்பது இவ்வாறு கழித்துக் கழித்துப் பெறப்பட்ட எச்சமாகும். குவோவின் அகராதியோ கழிக்கப்பட்டவற்றையே தலைப்புச் சொற்களாக்குகின்றது. பாலுறவும் அரசியலும் உணவும் அங்கு பாடங்களாகின்றன. அவற்றினூடாகவே இசட் மொழியைக் கற்கின்றாள்.

ஆயினும் நாவலின் குறைபாடும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. அவள் இருப்பிடத்தைப் பார்க்க விரும்புவதாகக் கூறியபோது, ஆங்கிலேய நண்பர் உபசாரமாக விருந்தினராக வருமாறு சொல்ல, அதனை உண்மையெனக் கொண்டு அவள் பெட்டியுடன் குடிபுகுந்துவிடுகின்றாள். சுவைமிக்க இந்நிகழ்ச்சியின் பின் கதை பெரும்பாலும் காதலர் இருவரின் வீட்டுக்குள் அடங்கிவிடுகின்றது. வகுப்பறை பின்னணியாகின்றது, சகமாணவர் நிழல்களாகின்றனர். அக்காலப் பிரித்தானிய மாணவர் விசாவுக்கு வாரத்துக்குக் குறைந்தது 15 மணிநேரப் பகல்வகுப்பு நிபந்தனையாயிருந்தது. வரவுப் பதிவேடு குடிவரவுத் திணைக்களத்தின் நீண்ட கையாகவும் தொழிற்பட்டது. கட்டணத்துக்காக இரவில் உணவகங்களிலே கோப்பை கழுவிப் பகலில் வகுப்பில் உறங்கும் மாணவரின் உலகை, சப்பாத்துத் தொழிற்சாலைப் பணத்தில் வந்த இசட் அறியாள். சமூக முரண்பாடு இருவரின் மனப்பொருத்தமின்மையாகச் சுருக்கப்பட்டுவிடுகின்றது. இறுதியில் விசா முடிந்து அவள் நாடு திரும்புவது அவ்வுலகின் அதிகாரத்தை ஒருகணம் நினைவூட்டினும், நாவல் அதனைத் துருவி ஆராயவில்லை.

ஆங்கிலத்தைச் சிங்கள வழக்கிற் ‘கடுவ’, அதாவது வாள், எனக் கூறும் நாட்டினராகிய நமக்கு இவ்விடயம் அயலானதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1993 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்கப் பாடநூலைப் பயின்ற மாணவர் அதன் பக்க ஓரங்களில் வரைந்த படங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்தது. போர்ச்சூழலில் வாழ்ந்த அவர்கள், பாடநூலின் மாந்தரைத் தம் உலகுக்கு இழுத்துவந்தனர். வகுப்பில் மௌனமாயிருந்தோர் ஓரத்திற் பேசினர். குவோவின் நாவலை அத்தகைய ஓரக்குறிப்புகளின் விரிந்த வடிவம் எனக் கூறின் மிகையாகாது.

எனவே, ஆங்கிலத்தை வெறுத்தொதுக்குவது இந்நாவல் உணர்த்தும் வழியன்று, மெய்மறந்து வணங்குவதுமன்று. கற்பவர் வகுப்பறைக்குள் வெறுங்கையோடு நுழைவதில்லை. அவரிடம் முழுமையான மொழியொன்றும் வாழ்க்கையொன்றும் ஏற்கெனவே உள. அவற்றை வாசலில் விட்டுவருமாறு கோரும் கல்வி ‘பொது’ என்னும் அடைமொழிக்கு உரியதன்று. பிழையைக் குரலாக்கிய குவோவின் சாதனை மதிக்கத்தக்கது. அக்குரலுக்கு வர்க்கமும் உண்டு என்பதை எழுதிக்காட்டும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.