பனிக்கு ஏற்ற கடதாசி

பதுளைப் பக்கத்தில் பரிசு கொடுக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. வடகீழ்ப் பருவமழை மலையை நனைக்கும் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் தீபாவளி, நத்தார், பொங்கல் எல்லாம். கொழும்புக் கடையின் வெளிச்சத்தில் மினுங்கிய கடதாசி, அப்புத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு ஏறுவதற்குள் தளர்ந்து, மடிப்புகள் வாய் பிளந்துவிடும். அதனால் ஊவாவில் பரிசு சுற்றும் கடதாசியைக் கண்ணால் தேர்ந்தெடுத்தால் போதாது, கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். என் ரசனை முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

சம்பளம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பதுளை பஜாருக்குப் போனால், புத்தகக் கடைகளின் வாசலில் சுருள் சுருளாகக் கடதாசி நிற்கும். ரோஜாப்பூ, கரடிப்பொம்மை, இதயம், வெள்ளிப் புள்ளி என்று எல்லாமே நம்மைக் கூப்பிடும். நான் முதலில் பார்ப்பது மடிப்பை. ஓரத்தை இலேசாக மடித்து நகத்தால் ஒருமுறை நீவினால் கோடு கத்திபோல் விழ வேண்டும், விழுந்த கோடு அப்படியே நிற்கவும் வேண்டும். கடதாசிக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் நாரின் போக்கு. நீளமான மடிப்பு அந்தப் போக்கிலேயே அமைந்தால் வெடிக்காது, புடைக்காது. ஈரம் பட்டால் நார்கள் குறுக்குவாட்டில்தான் பருக்கும், அதனால் குறுக்கே விழுந்த மடிப்பு பனியில் நெளியும்.

ஜிகினாக் கடதாசிக்கு ஈரப் பயம் இல்லை. ஆனால் அது மடிப்பை மதிக்காது, ஒருமுறை கசங்கினால் அந்தத் தழும்பு போகவே போகாது. மேடை வெளிச்சத்தில் கொடுக்கும் பரிசுக்கு அதைச் சுற்றலாம். லயத்து வாசலில் மங்கலான பகலில் கைமாறும் பரிசுக்கு, பளபளப்பில்லாத கெட்டி நிறமே அழகு. அரக்கு, கிளிப்பச்சை, கருநீலம். பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு சதுர அரக்கு நிறம் எவ்வளவு தூரம் தெரியும் என்பது மலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் டிமைக் கடதாசியை யாரும் பரிசுக் கடதாசியாக மதிப்பதில்லை. எனக்கு அதுதான் முதலிடம். டிமை என்ற அளவு பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலம். 10 அங்குல நீளம், 7 அகலம், 3 உயரமுள்ள பெட்டிக்கு ஏறக்குறைய 21க்கு 15 அங்குலம் போதும், ஒரே தாளில் முடிந்துவிடும்.

டிஷூக் கடதாசியின் பெருமை இன்னும் பெரியது. வெசாக்குக்கு மூங்கில் சட்டத்தில் ஒட்டி, உள்ளே விளக்கேற்றும் கூடுகள் இந்த மெல்லிய தாளால்தான் உயிர் பெறுகின்றன. தென்னை அரிதான மேட்டுத் தோட்டங்களில், கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணத்தோடு வண்ணக் கடதாசிக் கொடிகளும் சேர்ந்து ஆடும். உலகத்தின் பரிசுப் பொதியிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1917 நத்தார் காலத்தில் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹால் சகோதரர்களின் கடையில் டிஷூ விற்றுத் தீர்ந்துபோக, கடித உறைகளுக்கு உட்பக்கம் ஒட்டும் பிரெஞ்சுப் பூக்கடதாசியை எடுத்து வைத்தார்கள். அதுவும் விற்றுத் தீர்ந்தது. இன்றைய அலங்காரப் பரிசுக் கடதாசி வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது. அதற்கு முன்பு பரிசுக்கு உடுப்பு டிஷூதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நனைந்தால் அதன் சாயம் இறங்கும். பட்டு, வேட்டி எதற்கும் உள்ளே வெள்ளை டிஷூவே வையுங்கள்.

ரிப்பனுக்கு வருவோம். பிள்ளைகளின் சடைக்கு யார் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் அதே சாட்டின் ரிப்பன் போதும், தனியாகப் 'பரிசு ரிப்பன்' தேட வேண்டாம். மேலே சொன்ன பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாக 46 அங்குலம், பூமுடிச்சுக்கு இன்னும் இருபதுக்கு மேல். ஆக இரண்டு யார். நெளிநெளியாகச் சுருளும் பிளாஸ்டிக் ரிப்பனைக் கத்தரி விளிம்பில் சடாரென்று இழுப்பவர்களைப் பார்க்கும்போது கை தடுக்கப் போகிறது. மெதுவாக இழுத்தால்தான் சுருள் இறுகும். 2016இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆன் ஜூவெலும் அவருடைய கூட்டாளிகளும் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்; கத்தி விளிம்பில் வளைந்த நிலைக்குப் பழகிக்கொள்ள ரிப்பனுக்குச் சற்று நேரம் வேண்டுமாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, நைந்துபோன சேலையிலிருந்து கிழித்தெடுத்த சரிகைக் கரை. அம்மாவின் சேலைக்கரை கட்டிய சீர்த்தட்டுக்கு முன்னால் கடை ரிப்பன் நிற்க முடியாது.

தேயிலையைப் பரிசாகக் கொடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆடி முதல் புரட்டாசி வரை மலை தாண்டி வரும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தக் குளிர்ந்த, புதினா சாயல் வாசனை ஏறுகிறது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் குடித்துவிடும். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள் விரித்ததும், பின்னால் அலுமினியத்தாள் வந்ததும் இந்த ஈரத்துக்கும் வாசனைக்கும் பயந்துதான். எனவே சென்ட் பூசிய கடதாசி, மை காயாத அச்சு, மணக்கும் பசை எதுவும் தேயிலைப் பொதிக்கு அருகில் வரக் கூடாது. உள்ளே இறுக்கமான அலுமினிய உறை, வெளியே மணமில்லாத டிமை, மேலே பருத்தி நூல். அதற்கு மேல் எது வைத்தாலும் அதிகம்.

அடுத்த தடவை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வாசலுக்கு வாருங்கள். பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள், ஓரத்தை மடித்து நீவிப் பாருங்கள். மடிப்பு நிற்காத கடதாசியை எவ்வளவு பூ இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.