முத்திரை மோதிரம்: ஒரு மறுபார்வை

சாசானியப் பாரசீகத்தின் (கி.பி. 224–651) வெள்ளி மோதிரத்தை அருங்காட்சியகத்தில் காண்போர் பலர், அதில் பதித்த அகீக் கல்லின் செந்நிறத்தையே வியக்கின்றனர். இது குறைபட்ட இரசனை. முத்திரைக் கல்லில் உருவமும் பஹ்லவி எழுத்தும் இடவலம் மாற்றியே குடையப்பட்டன. களிமண்ணில் அழுத்திய பின்னரே அவை நேராகும். கலைஞனின் நோக்கம் அந்தப் பதிவே.

அரபியில் ‘காத்தம்’ என்னும் சொல் மோதிரம், முத்திரை இரண்டையும் குறிக்கும். கிஸ்ரா முதலிய மன்னர்கள் முத்திரையற்ற மடலை ஏற்கமாட்டார்கள் எனக் கூறப்பட்டபோதே நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் செய்வித்தார்கள். அதில் உருவம் இல்லை. ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ என்னும் வாசகம் மூன்று வரிகளில் இருந்தது. அதே வாசகத்தைப் பிறர் பொறிப்பதை அவர்கள் தடுத்தார்கள் என ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. காரணம், முத்திரை ஓர் அமானிதம்.

எனவே, கல்லுக்கருகே அதன் களிமண் பதிவையும் வைக்காத காட்சிப்பேழை நமக்குப் பாதி மோதிரத்தையே காட்டுகிறது.