மார்சியானோவா, அலியா? நடக்காத சண்டையைப் பற்றிச் சில குறிப்புகள்

2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' வந்ததிலிருந்து, திருவான்மியூர் கடற்கரையில் காலை நடை போகும் எங்கள் கோஷ்டியில் ஒரு விவாதம் ஓயவே மாட்டேன் என்கிறது. கபிலனா டான்சிங் ரோஸா என்று ஆரம்பித்து, ராக்கி மார்சியானோவும் முகமது அலியும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று வந்து நிற்கும். எங்களில் யாரும் வாழ்க்கையில் ஒரு முறைகூட கிளவுஸ் மாட்டியதில்லை. எல்லாரும் ஐ.டி. அதனால் பேச்சு சீக்கிரமே "டேட்டா என்ன சொல்லுது?" என்ற இடத்துக்கு வந்துவிடும். அந்த டேட்டாவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இதே கேள்வியைக் கம்ப்யூட்டரிடம் கேட்டவர்கள் நமக்கு முன்பே இருக்கிறார்கள். மர்ரே வோரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் 1967-ல் என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டரை வைத்து, எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களுக்கும் ஒரு கற்பனைப் போட்டித் தொடர் நடத்தி ரேடியோவில் ஒலிபரப்பினார். அதில் அலி, 1900-ஐ ஒட்டிய காலத்துச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப் போனார். சும்மா விடுவாரா? 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்து, 1969-ல் மார்சியானோவோடு கேமரா முன்னால் 'மோதுவதில்' வந்து நின்றது. அலிக்கு அப்போது ராணுவத்தில் சேர மறுத்ததால் சண்டையே கிடையாது. மார்சியானோ ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம். உடம்பைக் குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாகப் பலவற்றை எடுத்து வைத்தார்கள். முடிவுகளும் பலவிதமாகப் படமாக்கப்பட்டன. மார்சியானோ 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார். 1970 ஜனவரியில் படம் தியேட்டர்களில் ஓடியது. முடிவு: 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்.

புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் நான் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்ட மாட்டேன். குத்துச்சண்டை நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு, அதையும் எண்ணாக்கி உள்ளே போட்டார்கள். வெளியே வந்ததும் பெரும்பாலும் அதே கருத்துதான், கூட்டிக் கழித்து. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன். வேகம், குத்தின் பலம், தாக்குப்பிடிக்கும் தெம்பு என்று மூன்று எண். தெம்புக்குக் கொஞ்சம் அதிக மதிப்புக் கொடுத்தால் மார்சியானோ, வேகத்துக்குக் கொடுத்தால் அலி. ஜெயிப்பவரை நான்தான் முடிவு செய்கிறேன். புரோகிராம் அதை இரண்டு தசம ஸ்தானத்தில் எழுதிக் காட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி, கருத்தே வேண்டாம். சண்டைகளின் முடிவை மட்டும் எடு. செஸ்ஸுக்கு எலோ ரேட்டிங் இருக்கே, அது மாதிரி" என்றார் நண்பர் ஒருவர். நியாயமான யோசனை. ஆனால் எலோ ஒரு கூட்டத்துக்குள் யார் யாரை வென்றார் என்பதை வைத்து வேலை செய்வது. இரண்டு காலங்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் பாலமாக ஆள் வேண்டும். அந்தப் பாலங்களைத் தேடினேன்.

1951 அக்டோபரில் மார்சியானோ ஜோ லூயிஸை வீழ்த்தினார். லூயிஸுக்கு வயது 37. 1955-ல் மார்சியானோ ஆர்ச்சி மூரை ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். 1962-ல் அதே மூரை அலி (அப்போது கேஷியஸ் கிளே) நான்காவது ரவுண்டிலேயே முடித்தார். மூர் நாற்பதைத் தாண்டியிருந்தார். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அலியை அடித்தார். அலிக்கு 38. 1988 ஜனவரியில் டைசன் ஹோம்ஸை நான்காவது ரவுண்டில் சாய்த்தார். ஹோம்ஸுக்கும் 38!

கவனித்தீர்களா? ஒவ்வொரு பாலத்தின் மேலும் ஒரு வயதானவர் நிற்கிறார். இந்தச் சங்கிலியை அப்படியே ரேட்டிங்கில் போட்டால் பின்னால் வந்தவர்தான் எப்போதும் பெரியவர் என்று தெரியும். ஆனால் அது அளப்பது இரண்டு காலங்களின் திறமையை அல்ல, வயதை. நம் வீட்டுப் பெரியவர்கள் "அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி வருமா" என்பது ஒரு பக்கச் சாய்வு என்றால், டேட்டா என்று நாம் கொண்டாடுவதற்கும் எதிர்ப் பக்கம் அதே அளவு சாய்வு இருக்கிறது.

இன்னொன்று விதிகள். 1952 செப்டம்பரில் மார்சியானோ பட்டம் வென்ற சண்டையில், ஜெர்ஸி ஜோ வால்காட் மூன்று பேரின் புள்ளிக் கணக்கிலும் முன்னால் இருந்தார். 13-வது ரவுண்டில் விழுந்தது அந்த வலது கைக் குத்து. அன்றைக்குப் பட்டப் போட்டி 15 ரவுண்டு. இன்றைக்கு 12 ரவுண்டுதான். இன்றைய விதியில் மணி அடித்திருக்கும், வால்காட் ஜெயித்திருப்பார், 49-க்கு 49 என்ற அந்தப் புகழ்பெற்ற கணக்கே இருந்திருக்காது. அது போக, மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்றைக்கு அவரை ஹெவிவெயிட்டுக்குக் கீழே க்ரூஸர்வெயிட்டில் நிறுத்துவார்கள். ஆக "யார் ஜெயிப்பார்?" என்பதற்கு முன்னால் "எத்தனை ரவுண்டு, யார் விதி?" என்று கேட்டாக வேண்டும். எங்கள் கோஷ்டியில் இதை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

இனி நம் ஊருக்கு வருவோம். 1980-ல் அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டார். "நான் அலியை நேரில் பார்த்தவன்" என்று சொல்பவர்கள் இன்றும் சென்னையில் உண்டு. அவர்கள் பார்த்தது ஹோம்ஸிடம் தோற்பதற்குச் சில மாதம் முந்தைய அலியை. பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்த அலியை.

வடசென்னையில் இந்த விவாதம் வேறு மாதிரி நடக்கும். அங்கே 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை'யில் தனி ஆளைவிட, சார்பட்டாவா இடியாப்ப நாயக்கரா எல்லப்ப செட்டியாரா என்பதுதான் பெரிய கேள்வி. முதலில் இது எனக்கு வெறும் கட்சி கட்டுவதாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் நம் கேள்வியைவிட இதுதான் உருப்படியான கேள்வி. ஆள் இருபது வருஷத்தில் ஓய்ந்துவிடுவார். பரம்பரை தலைமுறை தாண்டி நிற்கும். இங்கேயும் பாலத்தில் வயதானவர்தான் நிற்கிறார். ஆனால் அவர் அடி வாங்க வந்தவர் இல்லை, வாத்தியார். தன் வாத்தியாரின் ஆட்டத்தையும் தன் சிஷ்யனின் ஆட்டத்தையும் கண்ணால் பார்த்தவர். இரண்டு காலத்தை ஒப்பிட அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கருவியிலிருந்து நாம் எதையும் எழுதி எடுக்கவில்லை. மார்சியானோ-வால்காட் சண்டையில் ரவுண்டு வாரியாக யாருக்கு எத்தனை என்று எழுபது வருஷம் கழித்துத் திருவான்மியூரில் உட்கார்ந்து நான் சொல்ல முடிகிறது. அதே கடற்கரையில் கொஞ்சம் வடக்கே, ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியை வென்ற கித்தேரி முத்துவைப் பற்றி ராயபுரத்தில் பெருமையாகப் பேசுவார்கள். அந்தச் சண்டைக்கு அப்படி ஒரு ரவுண்டுக் கணக்கு என் கைக்குக் கிடைக்கவில்லை. நடக்காத சண்டைக்குக் கம்ப்யூட்டர், படம், வழக்கு எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் நடந்த சண்டைக்கு ஒரு பக்கம் இல்லை.

எழுபதுகளில் மோதியவர்களுக்கே இப்போது எழுபது வயதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் "யார் பெரிய ஆளு?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் தன் பரம்பரையைத்தான் சொல்வார். எத்தனை ரவுண்டு, என்ன எடை, எந்த மைதானம், என்ன டிக்கெட், எதிராளி எந்தக் கையில் அடிப்பான், வாத்தியார் காலை எப்படி வைக்கச் சொன்னார் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். யார் ஜெயித்திருப்பார் என்று அப்புறம் நாம் நிதானமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.