கனவு நோட்டும் வேலைக்காரரும்

1867இல் பாரிஸில் ஆசிரியர் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வந்தது. கனவுகளும் அவற்றை நடத்திச் செல்லும் வழிகளும் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஹெர்வே த சான்-தெனி என்ற மார்க்கி. தாங் காலத்துச் சீனக் கவிதைகளை 1862இல் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவர். 1874இல் கொலேஜ் த பிரான்சில் சீன மொழிப் பேராசிரியர் ஆனவர். 13 வயதில் கனவுகளை எழுதத் தொடங்கி, 22 நோட்டுகளில் 1946 இரவுகளைப் பதிவு செய்திருப்பதாகச் சொல்கிறார். பிராய்ட் எவ்வளவோ முயன்றும் கைக்குக் கிடைக்காமல் போன புத்தகம் இது. கனவு காண்கிறோம் என்பது கனவுக்குள்ளேயே தெரிந்திருக்கும் கனவை, தெளிகனவு என்போம், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று இதை மூலப்பிரதியாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். நாம் அந்தப் பிரதியின் ஓரத்தில் நிற்கிற ஒருவரிடமிருந்து தொடங்குவோம்.

அவர் மார்க்கியின் வேலைக்காரர். தென் பிரான்சின் விவரே பகுதிக்குக் கிளம்பும்போது மார்க்கி புதிதாக ஒரு வாசனைத் திரவியம் வாங்கிப் போகிறார். அங்கே தங்கிய நாட்களில் அதையே முகர்ந்துகொண்டிருக்கிறார். ஊர் திரும்பியதும் குப்பியை மூடி வைத்துவிடுகிறார். மாதங்கள் கழித்து அதை வேலைக்காரரிடம் கொடுத்து, நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது, என்னிடம் சொல்லாமல், ஒரு விடிகாலையை நீயே பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தலையணையில் சில சொட்டு விடு என்கிறார். வேலைக்காரர் விடுகிறார். கனவில் விவரேயின் மலைகள் வருகின்றன.

வாசனைக்கும் நினைவுக்கும் உள்ள உறவுக்கு நிரூபணமாக இந்தச் சோதனை பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டாயிற்று. எடுத்துச் சொல்கிறவர்கள் கண்ணில் படாமல் போவது ரொம்ப எளிமையான விஷயம்: அந்த விடிகாலையில் வேலைக்காரர் முழித்துக்கொண்டிருந்தார். எஜமானின் கனவைத் தூண்டிவிடத் தன் தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் பூனைமாதிரி நடந்து வந்தார். எழுந்திரிச்சபோது அவருக்கும் ஏதோ ஒரு கனவு பாதியில் அறுந்திருக்கும். அந்த நோட்டு நம்மிடம் இல்லை.

கனவை ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறை இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தூங்கப்போகும் முன் 'நாளைக்கு நினைவில் வைத்துக்கொள்வேன்' என்று சொல்லிக்கொள், விழித்ததும் அசையாதே, கண்ணைத் திறக்காதே, கடைசியாக நிற்கும் பிம்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போ, பிறகு எழுது. இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது, வேலை செய்கிற முறைதான். மார்க்கிக்கும் ஆரம்பத்தில் நோட்டெல்லாம் ஓட்டை. பழகப் பழக நிரம்புகிறது. கனவு காண்கிறோம் என்று முதல்முறையாகக் கனவுக்குள்ளேயே அவருக்குத் தெரிந்தது 207ஆம் இரவில். பதினைந்து மாதங்களில் அது ஏறக்குறைய தினசரி விஷயமாகிவிட்டது. அதாவது நினைவு முதலில், தெளிவு பிறகு. தெளிகனவை ஏதோ பிறவி வரம்போலப் பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு காலை வேண்டும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இமைகளுக்குள் கண்விழிகள் வேகமாக அலையும் ஒரு தூக்கத்தைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். பளிச்சென்ற கனவுகள் பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான். அது இரவு முழுக்க ஒரே அளவாக வருவதில்லை. விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. கடைசி இரண்டு மணி நேரம்தான் கனவின் விளைநிலம் எனலாம். ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறவனுக்கும், அடுப்பு பற்றவைக்க எழுந்திருக்கிறவளுக்கும், பிள்ளை அழுது எழுப்பப்படுகிறவளுக்கும் பறிபோவது சரியாக அந்த நேரம். அசையாமல் கிடப்பது என்பது உட்கார்ந்து எழுத ஒரு தனி அறை வேண்டும் என்பதைவிடக் கடினமான கோரிக்கை. அறையாவது வாடகைக்குக் கிடைக்கும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது சுலபமான மார்க்சியம் ஆகிவிடும். அவனுக்கு நேரம் இருந்தது, இவருக்கு இல்லை, நேரத்தைப் பங்கிட்டால் கனவும் பங்காகிவிடும் என்று. பிரச்சினை அதைவிடச் சிக்கலானது. பிடித்து வைத்த கனவு என்பது என்ன என்ற கேள்வி பாக்கியிருக்கிறது.

மார்க்கியின் சமகாலத்தவர் ஆல்ஃபிரட் மோரி. 1861இல் தூக்கம் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவருடைய கனவு ஒன்று பிரசித்தம். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர நாட்கள், ரோபஸ்பியர், மாரா எல்லாரும் இருக்கும் விசாரணை மன்றம், தீர்ப்பு, வண்டியில் ஏற்றிக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோகிறார்கள், கில்லட்டின் கத்தி கழுத்தில் விழுகிறது. விழித்துப் பார்த்தால் கட்டிலின் மேற்சட்டம் கழன்று கழுத்தில் விழுந்து கிடக்கிறது. சட்டம் விழுந்த அந்த நொடியில் இவ்வளவு கதையும் பின்னோக்கி உருவானதா, அல்லது கைவசம் தயாராக இருந்த ஒரு கதை எடுத்துக்கொள்ளப்பட்டதா என்று ஒரு தலைமுறையே சண்டை போட்டது. தயாராக இருந்த கதைதான் என்பது பிராய்டின் பக்கம். எப்படி இருந்தாலும், கழுத்தில் கட்டை விழுந்தால் ஒரு பிரெஞ்சுப் படிப்பாளிக்கு உடனே ரோபஸ்பியர்தான் கிடைக்கிறார். வேறு வர்க்கத்துக் கழுத்தாக இருந்தால் வேறு கதை வந்திருக்கும்.

தெளிகனவு அப்படியில்லையே, உள்ளேயே விழிப்பு இருக்கிறதே என்பார்கள். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் 36 பேரை வைத்து நடத்திய சோதனை இங்கே முக்கியம். தூங்குகிறவர்களிடம் சின்னக் கழித்தல் கணக்கு கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்கிற மாதிரி. சிலர் கனவுக்குள் இருந்தபடியே கண்ணசைவால் சரியான பதில் சொன்னார்கள். பத்திரிகைகள் இதைப் பெரிதாகப் போட்டன. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த சேதி. விழித்த பிறகு விசாரித்தபோது, கேட்ட கேள்வி எது என்பதே சிலர் சொன்னதில் மாறியிருந்தது. கேள்வியும் பதிலும் கருவியில் பதிவாகியிருக்கின்றன. ஆளுடைய ஞாபகம் வேறு ஒன்றைச் சொல்கிறது. அத்தனை தெளிவாக இருந்த கனவே வாசலைத் தாண்டும்போது கை மாறிவிடுகிறது. 'எனக்கு அப்படியே கண்ணில் நிக்குது' என்பது சாட்சியம் ஆகாது. பளிச்சென்று இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. இது கனவுக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை.

பிராய்ட் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். 1900 என்று ஆண்டு அச்சிடப்பட்டு 1899 நவம்பரிலேயே வெளிவந்துவிட்ட கனவுப் புத்தகத்தின் கடைசி இயலில், மறதியை அவர் பலவீனமாகப் பார்க்கவில்லை, எதிர்ப்பாகப் பார்க்கிறார். ஒரு கனவு புரியாவிட்டால் நோயாளியை மறுபடியும் சொல்லச் சொல்வார். இரண்டாம் தடவை வார்த்தை எங்கே மாறுகிறதோ அங்கேதான் விஷயம் ஒளிந்திருக்கிறது. இதற்கு அவர் சொல்லும் உவமைதான் என்னை உறுத்துவது. சீக்ஃபிரீடின் உடையில், அவன் உடம்பின் ஒரே மென்மையான இடத்துக்கு நேராக, தைத்து வைத்த அடையாளம். ஹாகன் அதைப் பார்த்துத்தான் ஈட்டியைப் பாய்ச்சினான். பிராய்ட் இங்கே தன்னைக் கொலைகாரனின் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார், கூச்சமே இல்லாமல். 'மறுபடியும் சொல்லு, முதல்ல இருந்து சொல்லு' என்பது காவல்நிலையத்தின் வாக்கியமும்தான். விசாரணைக்குப் போய் வந்த தோழர்களுக்கு அந்தத் தொனி தெரியும்.

இந்த இடத்தில்தான் ஷார்லட் பெராட் வருகிறார். 1933இலிருந்து 1939 வரை பெர்லினில், நாஜி ஆட்சியின் நடுவே, ரகசியமாகக் கனவு சேகரித்த பத்திரிகையாளர். தையல்காரி, பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், அத்தை என்று போய்க் கேட்டார். 300 பேர் அளவில் சேர்ந்தது. குறிப்புகளை மாற்றுச் சொற்களில் எழுதினார். ஹிட்லர் 'ஹான்ஸ் மாமா', கட்சி 'குடும்பம்', கைது 'ஃப்ளூ காய்ச்சல்'. எழுதியதைப் புத்தகங்களின் முதுகுக்குள் ஒளித்தார். 1939இல் நாட்டை விட்டு வெளியேறினார்; புத்தகம் 1966இல்தான் வந்தது.

மார்க்கியின் நோட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் தன் கனவுகளைத் தானே எழுதி, தானே நடத்தி, தானே வியந்தார். பெராடின் நோட்டில் கனவு கண்டவர் ஒருவர், ஞாபகம் வைத்தவர் இன்னொருவர். யாராவது கேட்பார்கள் என்பதுகூட ஒரு ஞாபக முறைதான். அசையாமல் படுத்திருக்க முடியாதவர்களும் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே ஒருத்தியிடம் 'ஒரு கனா வந்துச்சு' என்று சொல்லிவிட முடியும். (நம் பேச்சில் கனவைக் காண்பதும் உண்டு, கனவு நமக்கு வருவதும் உண்டு. மார்க்கிக்கு இரண்டாவது பிடித்திருக்காது.) பெராடும் சொற்களை மாற்றினார். ஆனால் எதை எதற்காக மாற்றினோம் என்று தெரிந்து மாற்றியது. திரும்பிப் படிக்க முடிந்த மாற்றம் அது. கனவு நோட்டில் நாம் செய்வது தெரியாமல் செய்கிற மாற்றம். விடுபட்ட இடத்தில் 'அப்புறம்' என்று ஒரு சொல்லைப் போட்டு ஒட்டிவிடுகிறோம்.

நானும் கொஞ்ச காலம் நோட்டு வைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் கனவுகள் நன்றாக வர ஆரம்பித்தன. நன்றாக என்றால், சிறுகதை மாதிரி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பின்னால் விடுபட்ட இடத்தை வெறுமனே கோடு போட்டு விட்டுவிடவும், மத்தியானம் வேறு மாதிரி ஞாபகம் வந்தால் முதலில் எழுதியதை அடிக்காமல் கீழே தனியாக எழுதவும் பழகினேன். நோட்டு அசிங்கமாகிவிட்டது. இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. ஹாகன் வேலையை நானே பார்த்துக்கொள்ளலாம், அல்லது பார்க்காமலும் விடலாம்.

பெராடின் தொகுப்பிலும் குறை உண்டு. ஆட்சியை உற்சாகமாக ஆதரித்தவர்களின் கனவுகள் அவருக்கு எளிதில் எட்டவில்லை. அவை கிடைத்திருந்தால் நமக்கு இன்று இன்னும் உபயோகமாக இருந்திருக்கும். இருப்பவற்றில் ஒருவர், அரசைப் பற்றிப் பேசுவது தடை என்பதால், கனவில் முன்ஜாக்கிரதையாகத் தனக்கே தெரியாத ரஷ்ய மொழியில் பேசுகிறார், தனக்கே புரியக் கூடாது என்று. இன்னொரு கனவில் ஆட்களே இல்லை. செவ்வகமும் முக்கோணமும் எண்கோணமும் மட்டும். கனவு காண்பதே தடை செய்யப்பட்டுவிட்டது அல்லவா, அதனால். மார்க்கியின் அளவுகோலில் இது தேறாத இரவு. மலை இல்லை, முகம் இல்லை, நடத்திச் செல்ல எதுவும் இல்லை. காலையில் எழுந்தால் ஒருவேளை 'ஒண்ணும் ஞாபகம் இல்ல' என்றே எழுதியிருப்பார். பெராட் கேட்டுக்கொண்டிருந்தார்; கோணங்களை அப்படியே எழுதிக்கொண்டார்.